பதினைந்து ரூபாய்க்குள் நல்ல பில்டர் காபி: கல்லாவில் உட்கார்ந்தவளின் கணக்கு

விலை ஏறியதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இருக்கறதுலயே கம்மி விலையில என்ன இருக்குங்க?" என்றுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் என் மாமனார் வைத்த கடை. காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்போம். இப்போது கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார். அவர் மதியம் சாப்பிடப் போகிற நேரத்துக்குக் கல்லாவில் நான் உட்காருவேன். கம்மி விலை கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காபி போடறீங்க?" பெரும்பாலானவர்களுக்குச் சட்டென்று பதில் வராது. கிலோ விலை தெரிகிறது, டம்ளர் விலை தெரிவதில்லை. அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிலோ 1,000 ரூபாய்த் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு டம்ளருக்கு 30 கிராம் தூள் போதும். அப்படியானால் டம்ளருக்கு ஏழரை கிராம், ஏழரை ரூபாய். பால் 100 மில்லி. ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர் 30 ரூபாய் என்று பிடித்தால் ஆறு ரூபாய். ஒரு ஸ்பூன் சர்க்கரை கால் ரூபாய்ச் சொச்சம். கேஸுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. எல்லாம் சேர்ந்து 15 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏசி போட்ட ஓட்டலில் உட்கார்ந்து இதே அளவு குடித்தால் 40, 50 என்று பில் வருகிறது.

இப்போது கிலோ 800 ரூபாய்த் தூளுக்கு இறங்குகிறீர்கள். டம்ளருக்கு மிச்சம் ஒன்றரை ரூபாய். இறங்கிய தூளில் சிக்கரி கூடுதல், மணம் குறைவு, அதனால் கை தானாக இன்னொரு ஸ்பூன் அள்ளிப் போடும். அந்த ஒன்றரை ரூபாயும் அங்கே போய்விடும். நாலு பேர் வீட்டில் காலை, மாலை எட்டு டம்ளர் என்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 1,800 ரூபாய்த் தூளுக்கு, 1,400 சொச்சம் பாலுக்கு. செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் டம்ளரைச் சின்னதாக்குங்கள், அல்லது பதினோரு மணிக்கு யாருக்கும் வேண்டாமலே போடுகிற அந்த மூன்றாவது காபியை நிறுத்துங்கள். தூளின் தரத்தில் கைவைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்பவர்களுக்கு: காபியில் அரபிகா, ரொபஸ்டா என்று முக்கியமாக இரண்டு இனம். உலகத்திலேயே அரபிகா அதிகம் விளைவது பிரேசிலில், ரொபஸ்டா அதிகம் விளைவது வியட்நாமில். இரண்டு இடத்திலும் அடுத்தடுத்து வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. 1977ல் தொட்ட பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. நம் நாட்டுக் காபியில் பெரும்பகுதி கப்பல் ஏறுகிறது. ஆகவே சிக்கமகளூருத் தோட்டக்காரர் நியூயார்க், லண்டன் விலையைப் பார்த்துத்தான் விலை சொல்வார். போதாததற்கு, ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் ஈரம் போய் 800, 850 கிராம்தான் தேறும். அந்த இழப்பும் தூள் விலையில்தான் ஏறும்.

கடையில் என்ன கேட்பது

"நல்ல தூளா குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எது தள்ள வேண்டுமோ அதைத்தான் கொடுப்பார். கடைக்காரியே சொல்கிறேன், நம்புங்கள். மூன்று சொல் தெரிந்தால் போதும்.

பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோலை நீக்கி, தண்ணீரில் கழுவி, காயவைத்த அரபிகா. மணம் இதில்தான் இருக்கிறது, லேசான புளிப்பும் உண்டு. கொட்டையின் அளவைப் பொறுத்து ஏஏ, ஏ, பி, சி என்று சலித்துப் பிரிப்பார்கள். பெரிய கொட்டைக்கு விலை அதிகம்.

பீபெரி என்றால் உருண்டைக் கொட்டை. காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதை, ஒரு பக்கம் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சில பழங்களில் ஒரே விதை உருண்டு திரண்டு வரும். நூறில் ஐந்து, பத்துதான் அப்படி. அதைத் தனியாகப் பொறுக்கி எடுப்பதால் விலை கூடுதல். சீராக வறுபடும் என்பது உண்மை. மற்றபடி, அரைத்துப் பாலில் கலந்த பிறகு அதே தோட்டத்து ஏ ரகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "பீபெரி மட்டும்தாங்க குடிப்போம்" என்று சொல்வது ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்துக்கும் சேர்த்துத்தான் காசு. நான் பிளான்டேஷன் பி கேட்டு வாங்கச் சொல்வேன். அதே செடி, அதே மலை, கொட்டை மட்டும் ஒரு சுற்றுச் சின்னது. உடைசலும் கறுப்புக் கொட்டையும் கலக்காமல் இருக்கிறதா என்று ஒரு கை அள்ளிப் பார்த்துக்கொண்டால் போதும்.

ரொபஸ்டா என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கசப்பு கூடுதல், காஃபீன் அரபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பால் காபிக்குக் கொஞ்சம் ரொபஸ்டா வேண்டும். தனி அரபிகா டிகாஷன் பாலில் விழுந்ததும் அடங்கிப்போகும். திக்காக, நாக்கில் நிற்கிற மாதிரி வேண்டுமென்றால் நாலில் ஒரு பங்கு ரொபஸ்டா சேருங்கள். அதிலும் கழுவிக் காயவைத்ததைப் பார்ச்மென்ட் என்பார்கள். பழத்தோடு அப்படியே காயவைத்தது செர்ரி. பார்ச்மென்ட் கேளுங்கள், மண் வாடை இருக்காது. எங்கள் வீட்டில் மூன்று பங்கு பிளான்டேஷன் பி, ஒரு பங்கு ரொபஸ்டா பார்ச்மென்ட். மாமியார் இருந்த வரைக்கும் பாதிக்குப் பாதி. அவருக்குக் காபி கசந்தால்தான் காபி.

ஏற்காட்டுக் கொட்டையா என்றும் கேட்பார்கள். பக்கத்து மலை என்ற பாசம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே, 1820களில், அங்கே காபிச்செடி வந்துவிட்டது. நல்ல அரபிகாதான். கேளுங்கள், கிடைத்தால் வாங்குங்கள். தமிழ்நாட்டு மொத்த விளைச்சலே கர்நாடகத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான், ஆகவே கடைகளில் பெரும்பாலும் குடகும் சிக்கமகளூரும்தான் ஓடும்.

வறுவல் மீடியம் கேளுங்கள். கொட்டை எண்ணெய் கக்கிப் பளபளவென்று கறுத்திருந்தால் கரி வாசனைதான் மிஞ்சும், எந்த ரகம் என்பதே தெரியாது. மட்டமான கொட்டையை மறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அரைக்கும்போது ஒரு விஷயம். மிஷினுக்குள் உங்களுக்கு முன்னால் வந்தவருடைய தூள் கொஞ்சம் தங்கியிருக்கும். அவர் மட்ட ரகம் அரைத்திருந்தால் உங்கள் பையில் முதலில் விழுவது அதுதான். "முதல் கை கொட்டையை ஓட்டித் தள்ளிட்டு அரைங்க" என்று தயங்காமல் சொல்லலாம். பில்டருக்கு ரவையைவிட நைஸாக, மைதாவைவிடக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் துகள் தட்டுப்பட வேண்டும்.

சிக்கரி: எவ்வளவு, ஏன்

சிக்கரி ஒரு கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காயவைத்து, வறுத்து, பொடிப்பார்கள். காஃபீன் கிடையாது. தண்ணீரில் காபியைவிட அதிகமாகக் கரையும், அதனால் டிகாஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் தரும். கூடவே கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்புக் கசப்பு. கலப்படம் என்று திட்டுவதும் தவறு, "சிக்கரி இல்லாட்டி காபியே இல்ல" என்பதும் தவறு. 10லிருந்து 20 சதவீதம் வரை சிக்கரி காபிக்குத் துணை செய்யும். 30ஐத் தாண்டினால் அது சிக்கரித் தண்ணீர், காபி வாசனையோடு. என் கணக்கு 15.

பாக்கெட்டில் வாங்குபவர்கள் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சடித்தே ஆக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 53க்கு 47 என்று போட்டிருக்கிற பாக்கெட்டுகள் நிறைய. அப்படி ஒன்று கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிக்கரியைக் கிலோ 200 என்று போட்டால், அதில் இருக்கிற 470 கிராமுக்கு 94 ரூபாய். மீதி 606 ரூபாய் 530 கிராம் காபிக்கு. கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள், 1,140க்கு மேல் வருகிறது. மலிவு என்று எடுத்த பாக்கெட்டில் காபிக்கு நீங்கள் கொடுத்தது மலிவான விலை இல்லை. இந்தக் கணக்கைக் கொழுந்தனார் ஒரு அட்டையில் எழுதி மாட்டலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன், யாரும் நின்று படிக்கப் போவதில்லை.

கையில் இருக்கிற தூளில் சிக்கரி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவுங்கள். அசைக்காதீர்கள். காபித் துகள் எண்ணெய்ப் பசையால் மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கத் தொடங்கி, இறங்குகிற வழியெல்லாம் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும். சுத்தக் காபி என்று காசு கொடுத்து வாங்கியதில் கோடு இறங்கினால் கடையை மாற்றுங்கள்.

தூளை மொத்தமாக ஒரே தடவையில் வாங்காதீர்கள். அரைத்த நிமிடத்திலிருந்து மணம் போய்க்கொண்டே இருக்கும். பத்து, பதினைந்து நாளில் தீர்கிற அளவு போதும். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் வீட்டில் கொஞ்ச நேரம் பையைத் திறந்து வையுங்கள். சூடு ஆறியதும் இறுக்கமான எவர்சில்வர் டப்பா. ஈர ஸ்பூன் ஆகாது. சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகிவிடும்.

டிகாஷன் இறக்குவது

இருக்கிற பில்டரே போதும். பித்தளையில் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது தேய்ந்தால் மறுபடி பூச ஆள் தேட வேண்டும். எனக்கு எவர்சில்வர்தான். முக்கியமானது அளவு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஆறு பேர் பில்டரில் இரண்டு ஸ்பூன் தூளைப் போட்டால், அது அடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். "தூள் சரியில்லைங்க, தண்ணியா இறங்குது" என்று வருகிற புகாரில் பாதி இந்த வகை. தூள் மேல்பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிற்க வேண்டும். சின்னப் பில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்டர் சொட்டு ஈரமில்லாமல் உலர்ந்திருக்கட்டும். நாலு டம்ளருக்குக் குவித்து நாலு மேஜைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 30 கிராம். பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் சமமாகிவிடும். மேலே குடையை, அதாவது பில்டரோடு வருகிற காம்பு வைத்த ஓட்டைத் தட்டை வைத்து, ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் பகல் பன்னிரண்டு வரைக்கும் சொட்டாது.

தண்ணீர் 180 மில்லி. தளதளவென்று கொதித்ததும் இறக்கி, அரை நிமிடம் விட்டு, முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும், ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள். நிறுத்துங்கள். புதுத் தூளாக இருந்தால் குடையின் ஓரத்தில் நுரை பொரிந்து மேலே எழும்பும். கொட்டையை வறுத்தபோது உள்ளே தங்கிய வாயு அது. அது வெளியேற அரை நிமிடம் கொடுங்கள். குமிழே வரவில்லை என்றால் தூள் பழசு, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. பிறகு மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். 15, 20 நிமிடத்தில் 120 மில்லி இறங்கியிருக்கும். பாக்கி 60 மில்லியைத் தூள் குடித்துவிடும். டம்ளருக்கு 30 மில்லி டிகாஷன். சரியாக இறங்கிய டிகாஷனைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், கரண்டி முழுக்கப் பழுப்பாக ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்ல வழியும்.

சொட்டாமல் நின்றுவிட்டால் கரண்டியை விட்டுக் குடையாதீர்கள். பல சமயம் இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தி, கீழே இருக்கிற காற்று வெளியே போக வழியில்லாமல் நிற்கும். மேல்பாத்திரத்தைத் துணியால் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கி வையுங்கள், சொட்ட ஆரம்பித்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் தூள் ரொம்ப நைஸ், அல்லது சிக்கரி அதிகம், அல்லது ஓட்டை அடைத்திருக்கிறது. அடைத்த எவர்சில்வர்ப் பில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியும். அடிப்பாகத்தை அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள். ஓட்டையில் அடைந்த தூள் கருகி உதிரும். ஆறியபின் தேய்த்துக் கழுவுங்கள். ஈயம் பூசிய பித்தளையில் இந்த வேலை ஆகாது, பூச்சு உருகிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக: குடிக்க நன்றாக இருக்கிற தண்ணீர் காபிக்கும் நன்றாக இருக்கும். உப்புத் தண்ணீரில் எந்தத் தூளும் எடுபடாது.

இரண்டாவது டிகாஷன் கேவலமில்லை, ஆனால் அதைத் தனியாக யாருக்கும் கொடுக்காதீர்கள். 60 மில்லி வெந்நீர் ஊற்றி எடுத்துவைத்து, மதியம் மிச்சமிருக்கிற முதல் டிகாஷனோடு பாதிப் பாதி கலந்தால் ஒரு அரை டம்ளருக்கு ஆகும். டிகாஷனை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். ஆறிவிட்டால் வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடேற்றுங்கள்.

பால் ஒரு பொங்கு பொங்கியதும் எடுத்துவிட வேண்டும். காலையில் காய்ச்சிய பாலையே சாயங்காலம் வரை மூன்று தடவை சுடவைத்தால், ஏடு வாசனை காபியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. டிகாஷன் திக்காக இருந்து பால் நீர்த்திருந்தால் கசப்பு தூக்கலாகத் தெரியும். ஆரஞ்சு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் நீலத்தில் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சுங்கள், டிகாஷனைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள். டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் டிகாஷன், கடைசியில் நுரையோடு பால். டபராவுக்கும் டம்ளருக்கும் இரண்டே ஆற்று. அதற்குமேல் ஆற்றினால் நுரை வரும், சூடு போய்விடும்.

என் மகன் பெங்களூருவில் பால் சேர்க்காமல் குடிக்கப் பழகிவிட்டான். பீங்கான் கூம்பு, காகித வடிகட்டி, கிராம் காட்டுகிற சின்னத் தராசு, கையால் சுற்றுகிற அரவை மிஷின். 15 கிராமுக்கு 240 மில்லி தண்ணீர். சிக்கரி இல்லாத, லேசாக வறுத்த ஒரே தோட்டத்து அரபிகா, கால் கிலோ 600 ரூபாய். டம்ளருக்கு 36 ரூபாய்க்குத் தூள் மட்டும். பால் செலவு இல்லையே என்கிறான். போன முறை வந்தபோது எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தான். எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாசனை, நன்றாகவே இருந்தது. அப்படிக் குடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதல் காசை அரவை மிஷினில் போடுங்கள், மற்ற சாமான் எல்லாம் அப்புறம். பாலில் கலப்பதானால் அந்தக் கொட்டையை வாங்காதீர்கள். 36 ரூபாய் வாசனையை ஆறு ரூபாய்ப் பால் மூடிவிடும்.

சக்கையை சிங்க்கில் தட்டாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து குழாயில் கெட்டியாகும், பிளம்பர் வந்தால் ஒரு மாதத் தூள் காசு போய்விடும். பழைய நியூஸ் பேப்பரில் கொட்டிக் காயவைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொஞ்சமாகத் தூவுங்கள், மீதி குப்பைக்கு.